தெருமுனை தாண்டாத கப்பல்

அந்தக் காலத்தில் எறும்புக்கும் வாய் இருந்தது, ஓடுகிற தண்ணீருக்கும் வாய் இருந்தது. காகிதத்துக்கும் இருந்தது, ஆனால் மடித்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். தவளையாக மடித்தால் தானே தத்தும், கொக்காக மடித்தால் தானே பறக்கும். முதுகை அமுக்கவும் வேண்டாம், வாலைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். மடித்த காகிதம் தண்ணீரில் போட்டாலும் ஊறாது. இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் பொறாமைப்படும். அவசரப்பட வேண்டாம், மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் பொறாமைப்படட்டும்.

கடலுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில் காத்தாயி என்பவள் பொட்டலம் மடிக்கிற வேலை பார்த்தாள். சுக்குப் பொடி, திப்பிலி, கடுக்காய் என்று எது வந்தாலும் நாலு மடிப்பு, ஒரு சொருகல், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பாள். அந்தக் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மடித்த பொட்டலத்தை மடித்தவள் பிரிக்கக்கூடாது. பிரித்தால் மருந்தின் வீரியம் போய்விடும், நோயாளிக்குக் கேடு என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சரிசெய்யப் போய், கடைக்காரர் கையில் கரண்டிக் காம்பால் அடி வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கை எதையும் பிரித்ததில்லை. தொட்டில் பழக்கம் மட்டுமா சுடுகாடு வரைக்கும் வரும், வயிற்றுப்பாட்டுக்குப் பழகிய பழக்கமும் வரும்.

புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். இருந்த ஒரே பிடிமானம் ஆறு வயது மகள் செல்லக்கிளி. பகலெல்லாம் பிள்ளை வீட்டில் தனியாகக் கிடக்கிறதே என்று, கடையில் கழித்துப்போட்ட காகிதத்தில் ஒரு தவளையும் ஒரு கொக்கும் மடித்துக் கொண்டுவந்தாள். முதல் மடிப்பு விழுந்ததுமே தவளை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தது. பொழுது சாய்ந்ததும் எங்களைப் பிரித்துவிடு, மடிப்போடு ஒரு ராத்திரி கிடந்தால் எங்களுக்கு ஆசை வந்துவிடும், ஆசை வந்த காகிதம் சொன்ன பேச்சுக் கேட்காது என்றது.

பிரிக்கிற வேலையைக் காத்தாயி மகளிடம் விட்டுவிட்டாள். செல்லக்கிளிக்கு அதுவும் ஒரு விளையாட்டு. விளக்கேற்றும் நேரத்தில் தவளையை விரித்துத் தடவி, கொக்கை விரித்துத் தடவி, இரண்டையும் பாயின் கீழே வைத்துவிட்டுத் தூங்கும். காலையில் தாய் மறுபடி மடித்துக் கொடுப்பாள். இப்படியே நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. செல்லக்கிளி தனக்கு ஒரு கப்பல் வேண்டும் என்றாள், அதுவும் ஏறி உட்காருகிற கப்பல். காத்தாயி முதலில் அதட்டிப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை, கேட்பதை விட்டுவிட்டுச் சும்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை. மருந்து மூட்டையைச் சுற்றி வந்த பாய் அகலக் காகிதம் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கிவந்து, தரையில் முட்டி போட்டு, முழங்கையால் அழுத்தி அழுத்தி மடித்தாள். நடுவில் கோபுரம் போல ஒரு முனை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூக்கு. செல்லக்கிளி உள்ளே ஏறிக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டாள். அன்று அவள் சிரித்த சிரிப்பைக் காத்தாயி சாகும்வரை மறக்கவில்லை.

விளையாடிய களைப்பில் பிள்ளை கப்பலுக்குள்ளேயே தூங்கிப்போனாள். பொழுது சாய்ந்தது. காத்தாயி குனிந்து காகிதத்தின் விளிம்பில் கை வைத்தாள். கை வைத்தாளே தவிர, பிரிக்க வரவில்லை. பிள்ளை முழித்துக்கொள்ளுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதி உண்மை, அந்தக் கைக்குப் பிரிக்கத் தெரியாது. ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டாள்.

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மருந்து மூட்டைகள் நனையும் என்று கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட, காத்தாயி ஓடினாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் தெருத் தண்ணீர் வாசல்படி ஏறியது. ஒரு ராத்திரி முழுக்க மடிப்போடு கிடந்த கப்பலுக்கு ஆசை வந்திருந்தது. போகலாமா என்று அது செல்லக்கிளியைக் கேட்டது. கண் விழித்த பிள்ளை, போ என்றாள். தெருத் தண்ணீர் வாய்க்காலில் சேரும், வாய்க்கால் கடலில் சேரும்.

ஒரு காக்கை நனைந்துகொண்டே வந்து கடைக் கூரையில் உட்கார்ந்து, உன் பிள்ளை வாய்க்காலில் போகிறாள் என்றது. காத்தாயி கையிலிருந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டுக் கரையோடு ஓடினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடுகிறோம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் எந்தத் தாய் ஓடாமல் இருப்பாள்? முகத்துவாரத்துக்கு அவள் வரும்போது கப்பல் கடலுக்குள் போய்விட்டிருந்தது. கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்த சின்ன உருவம் தெரிந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது, கையை நீட்டியது. காத்தாயி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். வலைக்காரர்கள் அவள் கூந்தலைப் பிடித்துத்தான் கரையில் இழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் கட்டுமரம் போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் வந்து, எல்லாம் விதி என்றார்கள். விதி இல்லை, என் கை என்று அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். கரையை விட்டு நகரவும் இல்லை.

மூன்றாம் நாள் கடல் பொங்கி ஏறுகிற ஓதத்தோடு கப்பல் கரைக்கு வந்தது. உள்ளே யாரும் இல்லை. ஒரு மடிப்புக் கலையவில்லை, ஒரு மூலை நனையவில்லை. அதைப் பார்த்ததும் அவள் அதன் விளிம்பைப் பிடித்து உலுக்கினாள்.

"எம்புள்ளைய எங்க விட்டே?" என்று கேட்டாள்.

"போன்னுச்சு, போனேன் தாயி. அப்புறம் அம்மா கூப்புடுது, திரும்புன்னுச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் மூக்குதானே இருக்கு. எது முன்னால, எது பின்னாலன்னு எனக்குத் தெரியல. பெரிய அலை வந்துச்சு. புள்ள விழுந்துருச்சு. நான் மட்டும் மிதந்துக்கிட்டே இருந்தேன்."

கப்பலே தன்னைக் கிழித்துப் போட்டுவிடச் சொன்னது. தன்னைக் கிழித்துப் போட்டுவிடச் சொன்னது.

"ஒன்னக் கிழிச்சா இன்னொருத்தி இன்னொண்ணு மடிப்பா. புள்ளைங்க கேட்டா மடிக்காம இருக்க முடியாது. கேக்காம வாசலப் பாத்துக்கிட்டு நின்னா, அப்பவும் முடியாது. நீ எனக்கு ஒரு வாக்குக் குடு. இனிமே காகிதத்துக்கு வாயும் வேண்டாம், தானா நகருறதும் வேண்டாம். தண்ணியில எறங்குனதும் தண்ணியக் குடிச்சிரு. ஒரு புள்ள எட்டிப் புடிக்கிற தூரத்துலயே முழுகிப் போயிரு. இனிமே எவ வீட்டுப் புள்ளையும் ஒன் பின்னால கடலுக்கு வரக்கூடாது."

கப்பல் சரி என்றது. ஒரு காகிதம் கொடுத்த வாக்கு எல்லாக் காகிதத்துக்கும் வாக்கு. அவள் கண்ணெதிரே அது தண்ணீரைக் குடித்து, தொளதொளத்து, அவள் கணுக்காலருகே முழுகியது. வீட்டில் பாயின் கீழே கிடந்த தவளையும் கொக்கும் அதற்குப் பிறகு மறுபடி மடித்தாலும் வாயே திறக்கவில்லை.

அடுத்த மழைக்கு அண்டை வீட்டுப் பிள்ளை ஒரு காகிதத்தோடு வந்து காத்தாயி முன்னால் நின்றது. அவள் மறுக்கவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டு, தெருத் தண்ணீரில் அது முழுகும்வரை நின்று பார்த்தாள்.

அன்று முதல்தான் காகிதத் தவளை முதுகை அமுக்கினால் மட்டும் தத்துகிறது, கொக்கு வாலை இழுத்தால் மட்டும் சிறகடிக்கிறது, கப்பல் தெருமுனை தாண்டுவதற்குள் முழுகிப்போகிறது. கப்பல் போய்விட்டதென்று பிள்ளை அழும். அழட்டும். கரையில் நின்றுகொண்டுதானே அழுகிறது.