பூஜ்யம் காப்பாற்றிய கட்டங்கள்

ஓர் ஊரில் ஒரு பேருந்து நிறுவனம் இருந்தது. அதன் அலுவலகக் கணினியில் ஒரு ஷீட் இருந்தது. எந்த நிறுத்தத்தில் தினமும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லும் எண்கள் அதில் வரிசையாகக் குடியிருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து சூப்பர் ஹீரோ படம் பார்த்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை காலை முழுக்க அதே பேச்சு.

"கட்டடம் சரியுது, பாய்ஞ்சு வந்து தூக்கிட்டுப் போறான் பாரு!"

கேட்டுக்கொண்டிருந்த ஷீட்டுக்கும் அந்த ஜுரம் தொற்றிக்கொண்டது. வரைபடம் சிவப்பு நிறத்தை முதுகில் கட்டிக்கொண்டது. "முழு மாசத்தையும் ஒத்தைக் கையில தூக்குவேன்" என்றது சராசரி. "யாரை வேணும்னாலும் மறைய வைப்பேன்" என்றது வடிகட்டி.

பூஜ்யத்துக்குத்தான் ஆசை அதிகம். ஆனால் தனக்கு என்ன பலம் என்று அதற்கே தெரியவில்லை. அப்போதுதான் கல்லுக்குழி விலக்கு நிறுத்தத்தின் வரிசையில் இருபது வெற்றுக் கட்டங்கள் கண்ணில் பட்டன.

"ஐயோ பாவம்! பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்!"

டேட்டா அனலிஸ்ட் சுகிர்தாவும் அதே நேரத்தில் அவற்றைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். காலியானவற்றையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பும்படி ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள். பூஜ்யம் பாய்ந்தது. ஒரே தாவலில் பத்தொன்பது கட்டங்கள்.

இருபதாவது மட்டும் திறக்கவில்லை. யாரோ தட்டச்சு செய்தபோது விரல் பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி அதற்குள் விழுந்திருந்தது. பார்த்தால் காலி. ஆனால் கட்டளைக்கு அது காலியில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி" என்று அந்த இடைவெளியிடம் சொன்னது பூஜ்யம்.

"முடியாதுண்ணே. ஆள் வராங்க."

"யாரு?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கியா? நல்ல ஆளுப்பா நீ! உங்கிட்டயும் ஒண்ணுமில்ல, எங்கிட்டயும் ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லண்ணே. நீங்க உட்கார்ந்தா ஒருத்தரும் ஏறலன்னு அர்த்தம். நான் இருந்தா யாரும் எண்ணலன்னு அர்த்தம்."

பூஜ்யம் பதில் சொல்வதற்குள், முப்பத்து நான்கில் உட்கார்ந்திருந்த சராசரி தடாலென்று பன்னிரண்டில் வந்து விழுந்தது. "யாருடா என் காலைப் பிடிச்சு இழுத்தது?"

அந்த வழியாகப் போன மேலாளர் ஞானதுரை திரையை எட்டிப் பார்த்தார். "பதினஞ்சுக்குக் கீழயா? அப்போ நாளையிலேர்ந்து காலை அஞ்சு ஐம்பது வண்டி கல்லுக்குழி விலக்குல நிக்க வேண்டாம். அறிக்கையில எழுதிடும்மா."

"அங்க ஏறுறவங்க என்ன செய்வாங்க?" என்று பூஜ்யம் பதறியது.

"நடப்பாங்க" என்றது தூரக் கணக்கு. "அடுத்த நிறுத்தம் நாலு கிலோமீட்டர்."

அப்போது மொத்தம் போட வந்த கூட்டல் இருபதாவது கட்டத்தில் தடுக்கி விழுந்து, பிழை, பிழை என்று அலறியது. சுகிர்தா அந்தக் கட்டத்துக்கு வந்தாள். அவள் விரல் பூஜ்யத்தின் விசைக்குப் போனது.

"வேண்டாம்மா! என்னைக் கூப்பிடாதே!" என்று பூஜ்யம் கத்தியது. அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் கட்டத்துக்குள் கர்சர் ஓரத்தில் நிற்காமல் ஓர் அடி தள்ளி நிற்பதைப் பார்த்தாள்.

"இது காலி இல்லையே?"

விரலை எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் இருந்த கட்டங்களைப் பார்த்தாள். முப்பது பேருக்குக் குறையாமல் ஏறுகிற நிறுத்தத்தில் தொடர்ந்து பத்தொன்பது பூஜ்யங்கள். போன் செய்வதென்றாலே அவளுக்குக் கூச்சம். இருந்தாலும் அந்த வண்டியின் நடத்துநர் மாசானத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கல்லுக்குழி விலக்குல இருபது நாளா யாருமே ஏறலையா?"

"எவன் சொன்னான்? இருபது நாளா டிக்கெட் மிஷின் ரிப்பேருல்லா! கையிலதான் கிழிச்சுக் கொடுத்தேன். மில்லுக்குப் போற பொம்பளைங்க ஏறுனா நிக்க இடம் இருக்காது, தாயி. டிக்கெட்டோட அடிக்கட்டை பூரா எங்கிட்ட இருக்கு."

பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் மேலாளர் அறை வாசலில் நின்றாள்.

"சார், அந்தப் பூஜ்யமெல்லாம் நான் போட்டது. எத்தனை பேர் ஏறினாங்கன்னு எனக்குத் தெரியாது."

ஞானதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "கடைசி நிமிஷத்துல வந்து வண்டியை நிறுத்திட்டியேம்மா! சரி, தெரிஞ்சுக்கிட்டு எழுது. அதுவரைக்கும் வண்டி நின்னே போகட்டும்."

மறுநாள் அடிக்கட்டைகள் வந்தன. முப்பத்தாறு வந்தது. முப்பத்தொன்று வந்தது. முப்பத்தெட்டு மூச்சிரைக்க வந்தது. ஒவ்வொன்றாக வர வர, பூஜ்யம் தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு கட்டத்தையும் விட்டு எழுந்து வெளியேறியது.

கடைசியில் இருபதாவது கட்டம் மட்டும் மிஞ்சியது. அந்தத் தேதிக்கு அடிக்கட்டை இல்லை. சுகிர்தா மறுபடியும் போன் செய்தாள்.

"அன்னைக்கு மில்லு லீவு தாயி" என்றார் மாசானம். "நானே இறங்கி நின்னு பாத்தேன். ஒருத்தரும் வரல."

கட்டத்துக்குள் இருந்த இடைவெளி எழுந்து வாசலுக்கு வந்து, போய்க்கொண்டிருந்த பூஜ்யத்தைக் கூப்பிட்டது.

"அண்ணே, எங்க போறீங்க? நான் இடம் பிடிச்சு வச்சிருந்தது உங்களுக்குத்தான்."