இரட்டைச் சிலிண்டரும் கல்யாண அண்டாவும்

மட்டிக்கரைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அவர்களிடம் உள்ள தொல்லை அது ஒன்றுதான்.

வியாகுலத்தின் மகளுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். ஊரில் இருந்த ஒரே பிரியாணி அண்டா படகிலிருந்து கடலில் விழுந்து, உருண்டுபோய், பாறைக்கடியில் ஒரு குகைக்குள் புகுந்துகொண்டது. சோறு இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் வந்த படகிலேயே திரும்பிவிடுவார்கள். வியாகுலத்துக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

பக்கத்து ஊரில் முக்குளிப்பு சொல்லித்தரும் பொன்மலர் மூச்சுக்காற்று அடைத்த இரட்டைச் சிலிண்டரோடு வந்தாள். வியாகுலமும் அவர் மைத்துனர்கள் அலங்காரமும் இன்னாசியும் மூச்சடக்கிச் சங்கு எடுத்தவர்கள்தான். ஆனாலும் குகை வேறு என்று அவள் பொறுமையாக விளக்கினாள். உள்ளே ஆபத்து வந்தால் நேராக மேலே வர முடியாது. அதனால் எல்லாம் இரண்டிரண்டாக வேண்டும், ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது காப்பாற்றும். இறங்குமுன் இரண்டிலும் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிற காற்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மூன்றாவது பங்கு ஆபத்துக்கு. அதைத் தொடவே கூடாது.

மறுநாள் அவள் வந்தபோது அலங்காரம் முகத்தில் ஒரு முக்குளிப்புக் கண்ணாடியும் பிடரியில் ஒரு கண்ணாடியும் மாட்டியிருந்தான். இன்னாசி இரண்டு வேட்டி கட்டியிருந்தான். மூவரும் காற்றைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போற பங்கு எனக்கு," என்றான் அலங்காரம்.

"அப்ப நீ எப்படில வருவ?" என்று கேட்டார் வியாகுலம்.

"வாரது இன்னாசி பங்குல்லா."

இன்னாசி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "நான் போகாம எப்படிண்ணே வாரது?"

"ஒன்னைய மொதல்ல உள்ள கொண்டு விட்டுட்டு வந்துருவோம்," என்றான் அலங்காரம்.

"யார் பங்குல?"

மூன்றாவது பங்கு வியாகுலத்துடையது. தொடக் கூடாதே என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிலிண்டருக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

பொன்மலர் தலையில் அடித்துக்கொண்டு தன் தோழியை வரவழைத்தாள். இருவரும் வால்வுகளைத் திறந்து சரிபார்த்து, குகை வாசலில் கயிறு கட்டிவிட்டு உள்ளே போனார்கள். மத்தியானத்துக்குள் அண்டா கரைக்கு வந்துவிட்டது. வியாகுலம் அழுதேவிட்டார். அவள் சொன்னதைச் சாகிறவரை மறக்க மாட்டேன் என்றார்.

மறக்கவில்லை. திங்கட்கிழமை மாதா கோயில் பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை நின்றான். பக்கத்தில் அதே பட்டு வேட்டி, அதே மாலையோடு அவன் தம்பியும் நின்றான். பங்குச்சாமி திகைத்துப்போய், இவன் எதற்கு என்று கேட்டார்.

"ஒண்ணு அடைச்சுக்கிட்டா இன்னொண்ணு வேணும்லா சாமி," என்றார் வியாகுலம். பிறகு இருவர் மூக்கின் கீழும் விரலை வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, தாலி கட்டலாம் என்று தலையசைத்தார்.