வாசலில் நின்ற நீல உடுப்பு

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. பாதி என் அம்மா சொன்னது. அம்மா அன்றைக்கு ஆலை வாசல் வரிசையில் நான்காவதாக நின்றவள். மீதியை வெயிலுமுத்து அண்ணாச்சியே பிறகு ஆலையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வாராம். மாறாமல் வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

"என்னை எப்ப மேடம் தனியா விடுவீங்க?"

கேட்டவர் வெயிலுமுத்து. நாற்பத்தாறு வயது. சிவகாசிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு ஆலைக்கு முதலாளி. ஆட்களின் பாதுகாப்பைப் பார்க்கிற போர்மேனும் அவரேதான்.

பதில் சொல்ல வேண்டியவர் ஜெனோவா. தூத்துக்குடிக்காரர். முப்பத்தொரு வயது. கரிசல் காட்டு நடுவே, யுத்த காலத்தில் போட்டு மறந்துபோன ஓடுதளம் ஒன்றில், இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானத்தை வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

ஜெனோவா ஏணியில் நின்று, இறக்கை மேலிருந்த பெட்ரோல் மூடியைத் திறந்து, உள்ளே குச்சியை விட்டு அளந்துகொண்டிருந்தார்.

"எறங்குறது சரியில்லையா?"

"சரியா இருக்கு."

"ரேடியோல பேசுறது?"

"நல்லா இருக்கு."

"பின்ன என்ன மேடம்?"

ஜெனோவா ஏணியிலிருந்து இறங்கினார். வெயிலுமுத்துவின் உடுப்புக் கையை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்சம் தூக்கினார். விட்டார்.

வெயிலுமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சூரத்துத் துணி மேடம். கசங்கவே கசங்காது. வேர்த்தா பத்து நிமிசத்துல காஞ்சிரும். அளவு சொல்லுங்க, உங்களுக்கும் ஒண்ணு தச்சுக் கொண்டாரேன்."

ஜெனோவா குச்சியைத் துடைத்து உள்ளே வைத்தார்.

அந்த உடுப்பு தைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் நாள் வெயிலுமுத்து இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெல்ட்டின் கொக்கி பெரிது. இருக்கையில் உட்கார்ந்ததும் ஜெனோவா, "திரும்பி வாலைப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

பாதிதான் திரும்ப முடிந்தது. கொக்கி வயிற்றில் குத்தியது.

"உங்க பேண்ட் விடுற அளவுக்குத்தான் உங்களுக்கு வானம் தெரியும்."

அந்த வாரமே வெயிலுமுத்து தையல்காரரிடம் போனார். வான நீலத்தில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. தொளதொளவென்று இருக்கும். எட்டுப் பை. நெஞ்சில் தங்க நூலில் ஒரு சிறகு. போட்டால் போட்டதே தெரியாது. நடக்கும்போது மட்டும் சரசரவென்று ஒரு சத்தம் வரும்.

ஜெனோவா போடுவது எப்போதும் ஒன்றுதான். வெளுத்துப்போன தடிச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். தடிக் கால்சட்டை. தோல் ஷூ. ஆனி மாத வெயிலில் அதைப் பார்க்கவே வெயிலுமுத்துவுக்குப் பாவமாக இருக்கும்.

"மேடம், எனக்கு ஆறு நாள்தான் இருக்கு."

"தெரியும்."

மாதக் கடைசியோடு அவருடைய மருத்துவச் சான்று முடிகிறது. சான்று இல்லாமல் தனியாகப் பறக்க முடியாது. சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை கிடைக்குமா என்று கேட்டதற்கு மருத்துவர் பேனாவை எடுத்து மூடி போட்டார்.

"தெரிஞ்சுமா மேடம்?"

"இன்னும் ஒருத்தர் சம்மதிக்கணும்."

"யாரு? பெரிய அதிகாரியா?"

"ரொம்பக் கண்டிப்பான ஆளுன்னு கேள்வி. பத்துப் பேர் கெஞ்சினாலும் மசிய மாட்டாராம்."

"நான் வந்து பேசவா?"

"நீங்கதான் பேசணும். உடுப்பை மட்டும் இன்னைக்கு எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

காரில் எப்போதும் ஒரு வேட்டி கிடக்கும். அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஏழரை மணி. ஆலை வாசல்.

வெயிலுமுத்து பதினைந்து வருடமாக அங்கே நிற்கிறார். யாரையும் நம்பி அந்த வேலையை விட்டதில்லை. செல்போன், தீப்பெட்டி, கொலுசு எல்லாம் மரப்பெட்டிக்குள் போக வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்கு இறங்க, வாசற்படியில் பதித்த செம்புத் தகட்டை வெறுங்காலால் மிதிக்க வேண்டும். அதற்கு முன்னால் முந்தானையையோ சட்டையையோ ஒரு தடவை உதறிக் காட்ட வேண்டும்.

அவர் துணியைத் தொடமாட்டார். பார்க்கக்கூட மாட்டார். உதறுகிற சத்தமே போதும். பருத்தி என்றால் பொத்தென்று விழும். மற்றதெல்லாம் சடசடக்கும்.

"உதறு."

பொத்.

"போ. அடுத்து."

பொத்.

"போ. அடுத்து."

சடசட.

"சீனியம்மா, ஓரமா நில்லு."

"அண்ணாச்சி, கல்யாண வீட்லருந்து நேரா வாரேன். மருமக எடுத்துக் குடுத்த சேலை. இன்னைக்கு ஒரு நாள்."

"நேரா வீட்டுக்குப் போ. மாத்திட்டு வா."

"பஸ்ஸு போயிருமே."

"போகட்டும்."

"கல்லு மனசு உங்களுக்கு."

"கல்லு தீப்பிடிக்காது. ஓரமா நில்லு. அடுத்து."

அடுத்தது என் அம்மா. உதறினாள், உள்ளே போனாள். ஆனால் முழுக்கப் போகவில்லை. சீனியம்மாளை என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வாசலுக்கு உள்பக்கமாகவே நின்றுகொண்டாள். அதனால்தான் இதை அவளால் சொல்ல முடிந்தது.

வெயிலுமுத்து குனிந்து மரப்பெட்டியில் செல்போன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே சரசரவென்று ஒரு சத்தம் கிட்டே வந்தது.

நிமிராமலே சொன்னார்.

"யாரது? இந்தத் துணியோட உள்ள விட முடியாது. போ, மாத்திட்டு வா."

சத்தம் நகரவில்லை.

"சொன்னது காதுல விழலையா?"

நிமிர்ந்தார்.

நீல உடுப்பு. எட்டுப் பை. நெஞ்சில் தங்கச் சிறகு. கைகள் விரலையும் தாண்டித் தொங்கின. கால் மூன்று மடிப்பு மடித்திருந்தது. உள்ளே ஜெனோவா.

"ஏன் அண்ணாச்சி விட முடியாது?"

பதினைந்து வருடமாக ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லி வந்ததை வாய் தானாகவே சொல்ல ஆரம்பித்தது.

"உரசுனா பொறி தட்டும். தீப்பட்டா உருகும். உருகி மேல ஒட்டிக்கிடும். பிச்சு எடுத்தா தோலும் சேந்து..."

அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் சீனியம்மாள் ஓரத்திலிருந்து. "எங்ககிட்டன்னா முழுசாச் சொல்வீகளே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெயிலுமுத்து சிரிக்கவில்லை.

ஜெனோவா கேட்டார்: "உள்ள, ஒரு அறையில ஒரு நேரத்துக்கு எவ்வளவு வெடிமருந்து வைப்பீங்க?"

"கொஞ்சம்தான் மேடம். தீரத் தீர எடுப்போம்."

"நம்ம விமானத்துல எவ்வளவு பெட்ரோல்?"

"நூறு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

"அது எங்க இருக்கு?"

வெயிலுமுத்து இரண்டு கைகளையும் மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கினார். தோளுக்கு மேலே, விமானத்தின் இறக்கைகள் இருக்கும் தலை உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அப்படியே நின்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாச்சி ஏன் பருந்து மாதிரி நிற்கிறார் என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாளாம்.

"உள்ள விடுவீங்களா?" என்றார் ஜெனோவா.

"மாட்டேன்."

"நாளன்னிக்குக் காலையில வாங்க."

ஜெனோவா சரசரவென்று நடந்துபோய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். சீனியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் போயி மாத்திட்டு வாரோம்!"

அன்று மத்தியானம் வெயிலுமுத்து வீட்டு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து உதறினார். அவர் மனைவி ராஜகனி சாப்பாட்டைப் போட்டுவிட்டுக் கூப்பிட வந்தார்.

"என்ன தேடுதீக?"

"தேடல. கேக்கேன்."

சடசட. சடசட. சடசட.

ராஜகனி கதவில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆலைக்கு மட்டுந்தான் போர்மேன் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெனோவா வரச்சொன்ன நாள் காலையில் மேல்காற்று பலமாக அடித்தது. ஓடுதளத்துக் கம்பத்தில் காற்றைக் காட்டும் துணிப்பை கிடைமட்டமாக நின்றது. ஜெனோவா மறுத்துத் தலையாட்டினார். வெயிலுமுத்து திரும்பிப் போனார்.

மறுநாளும் காற்று. அதற்கு அடுத்த நாளும் காற்று.

மாதத்தின் கடைசி நாள் காற்று நின்றது.

வெயிலுமுத்து தன் ஆலையில் மருந்து கலப்பவர்கள் போடும் காக்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். முழுக்கைப் பருத்தி. கஞ்சி போட்டதுபோல் விறைப்பு. ஏழு மணிக்கே முதுகு நனைந்திருந்தது.

"கடிக்குது மேடம். ரெண்டு கிலோ கூடுன மாதிரி இருக்கு."

"உக்காந்து, திரும்பி வாலைப் பாருங்க."

உட்கார்ந்து திரும்பினார்.

"முழுசாத் தெரியுதா?"

"தெரியுது."

"கையைத் தூக்குங்க. விசையெல்லாம் எட்டுதா?"

"எட்டுது."

ஜெனோவா குனிந்து அவர் காலைப் பார்த்தார். வெயிலுமுத்துவும் பார்த்தார். ஷூவைக் கழற்றி, பளபளத்த நைலான் சாக்ஸை உருவித் தரையில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு திரும்ப ஷூவை மாட்டினார்.

"உள்ள போட்டதும் பருத்திதான் மேடம்" என்றார், கேட்காமலே.

ஜெனோவா அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாராம்.

"அந்த நீல உடுப்பை என்ன செய்ய?"

"எங்கிட்டயே இருக்கட்டும். மழையில ஸ்கூட்டர் ஓட்ட நல்லா இருக்கும். சீக்கிரம் காயுது."

இருவரும் சேர்ந்து மூன்று சுற்றுப் பறந்தார்கள். மூன்று தடவை இறங்கினார்கள். மூன்றாவது தடவை இறங்கியதும் ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்தச் சொன்னார் ஜெனோவா. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தன் இடுப்புப் பட்டையைக் கழற்றினார். கீழே இறங்கி, காலியான இருக்கையில் அந்தப் பட்டையை இழுத்து மாட்டினார்.

வெயிலுமுத்து அந்தக் காலி இருக்கையைப் பார்த்தார். பிறகு தன் காக்கிக் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இனிமே ஒரு பயமும் இல்ல மேடம்!" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார்.

ஜெனோவா உள்ளே தலையை நீட்டினார்.

"பருத்தியும் எரியும் அண்ணாச்சி."

கதவைச் சாத்தினார்.

அன்றைக்கு ஆலைப் பெண்கள் எல்லோரும் முற்றத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அண்ணாச்சி அரை மணி நேரம் வானத்தைச் சுற்றினார் என்று அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். ஓடுதளத்துப் பதிவேட்டை நான் போய்ப் பார்த்தேன். ஏழு நிமிடம்.