குளவிக்கு இடுப்பு சிறுத்த கதை

பறவைகளும் பூச்சிகளும் ஒன்றையொன்று உறவு சொல்லிக் கூப்பிட்டு, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்தால் பேசிச் சிரித்தபடி வீடு திரும்பிய அந்தக் காலத்தில், குளவிக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. வண்டுக்கு இருப்பதைப் போலத் தலைக்குக் கீழே ஒரே உருட்டாகத்தான் அதன் உடம்பு இருந்தது.

அந்தக் குளவிகளில் ஒருத்தி மாடத்தி. மண் குழைத்துச் சுவர் வைக்கிற கொத்தனார். அவள் பூசிய சுவரில் எறும்பு ஏறினால் கால் வழுக்கும் என்று சொல்வார்கள். அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. பெயர் ஆவுடை. கருவண்டு. மரத்தைத் துளைத்து நிலையும் கதவும் செய்கிற தச்சுக்காரி. இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் சேர்ந்தே போவார்கள், மத்தியானம் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீடு கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் மாடத்தியிடம்தான் பேசுவார்கள். அவள் சொல்லித்தான் ஆவுடைக்கு வேலை. ஆவுடைக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. மாடத்திக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் வேலைக்காரர்கள் சாமான்களை ஓலைப்பெட்டியில் போட்டுத் தலையில் சுமந்து வருவார்கள். மரத்தின் மேலே வேலை என்றால் பெட்டியை ஒரு கிளையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதனிடம் ஓடி வர வேண்டும். உளி வேண்டுமா, ஓடு. சுத்தியல் வேண்டுமா, மறுபடி ஓடு. எல்லாரும் அப்படித்தான் ஓடினார்கள்.

ஒரு வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால் தங்கள் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய வீடு வேண்டும் என்று மைனாக்கள் கேட்டுக்கொண்டன. இலுப்பை மரத்துப் பொந்தில் வேலை தொடங்கியது. உச்சியில் கதவு மாட்டிக்கொண்டிருந்த ஆவுடை, கை இரண்டும் நிறைந்திருந்ததால் உளியை வாயில் கவ்வியிருந்தாள். அது நழுவியது. கீழே விளையாடிக்கொண்டிருந்த மைனாக் குஞ்சின் காதோரம் உரசிக்கொண்டு போய் வேரில் குத்தி நின்றது.

குஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆவுடைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் பெட்டியைக் கவிழ்த்துச் சாமான்கள் எல்லாவற்றையும் கிளையின் ஒரு பக்கம் பரப்பினாள். எடுத்துப் பயன்படுத்தியதை மறுபக்கம் வைத்தாள். பொழுது சாயும்போது பார்த்தால் முக்கால்வாசிச் சாமான் வைத்த இடத்திலேயே கிடந்தது. "இதையெல்லாம் எதுக்கு இத்தனை நாளா தலையில தூக்கிட்டு அலைஞ்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எடுத்த சாமான்களை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு நூலாண்டியிடம் போனாள்.

நூலாண்டி ஒரு சிலந்தி. பாறை இடுக்கில் குடியிருந்தான். கயிறு, வலை, உறி, எது கேட்டாலும் இழைத்துக் கொடுப்பான். சாமான் நழுவாமல் உடம்போடேயே இருக்க ஏதாவது வேண்டும் என்று ஆவுடை சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் ஒரு வேலை செய்யச் சொன்னான்.

"தங்கச்சி, கண்ணை மூடிக்கோ. மேலே நின்னு கதவு மாட்டுதேன்னு நெனைச்சுக்கோ. உளியை எடு."

ஆவுடையின் வலது கை தானாகப் பின்னால் போனது. அது போய் நின்ற இடத்தில் நூலாண்டி ஓர் அடையாளம் வைத்தான். சுத்தியல் என்றான். இடது கை முன்னால் வந்தது. அங்கே ஒன்று வைத்தான். இப்படி அவள் கை தேடிப் போன இடங்களில் மட்டும் சின்னச் சின்னப் பைகள் வைத்து, வாழைநாரும் தன் நூலும் கலந்து ஓர் இடுப்புவார் தைத்தான். மஞ்சள் நிறம். கையில் எடுத்தால் சருகு மாதிரி கனமே இல்லை.

அதைக் கட்டிக்கொண்டு ஆவுடை வேலைக்கு வந்த அன்றைக்கு இலுப்பை மரமே அவளைப் பார்த்தது. கை போகும், உளி வரும். கண் வேலையை விட்டு நகரவே இல்லை. மத்தியானத்துக்குள் கதவுகள் முடிந்து ஜன்னலுக்கு வந்துவிட்டாள். மைனாக்களின் தலைவர் மஞ்சக்கண்ணர் கிளை கிளையாகத் தாவி வந்து பார்த்தார்.

"மாடத்தி, பாத்தியா ஒன் மதினியை! இந்த வேகத்துல போனா மழைக்கு முன்னாடியே முடிஞ்சிரும் போல. இனி மிச்ச வேலையையும் இந்தப் புள்ளைகிட்டயே கேட்டு முடிவு பண்ணிக்கலாம்."

"அதுக்கென்ன, நல்லதுதானே" என்றாள் மாடத்தி. சொல்லிவிட்டுக் குழைத்த மண்ணையே மறுபடி குழைத்தாள்.

அன்றைக்கு நிழலில் உட்கார்ந்தபோது சாப்பாடு அவளுக்கு மண்ணாக இருந்தது. எதிரே ஆவுடை தின்றுகொண்டிருந்தாள். அவள் அசையும்போதெல்லாம் அந்த மஞ்சள் வார் வெயிலில் மின்னியது. போகிற தட்டான் நின்று பார்த்துவிட்டுப் போனது. பொன்வண்டு கிட்டே வந்து, "எங்க தைச்சது?" என்று கேட்டது. மாடத்தியின் சுவரை யாரும் பார்க்கவில்லை. அது அங்கேயேதான் நின்றது, வழவழவென்று.

"மதினி, ஒனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லட்டுமா?" என்றாள் ஆவுடை. "நூலாண்டி அண்ணாச்சிகிட்ட நான் சொன்னா ஒடனே செய்வாரு."

நல்ல மனசோடுதான் கேட்டாள். ஆனால் 'நான் சொன்னா' என்ற சொல் மாடத்தியின் காதில் முள்ளாகத் தைத்தது. நேற்று வரைக்கும் தான் சொல்லித்தான் இவளுக்கு வேலை. இன்றைக்கு இவள் சொல்லி எனக்கு வார் வர வேண்டுமா?

"எனக்கு எதுக்குட்டி அதெல்லாம்?" என்று சிரித்தாள். சாயங்காலம் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாக நூலாண்டியிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஆவுடைக்குத் தைச்சதை விட ஒசத்தியா எனக்கு ஒண்ணு வேணும். அவளுதை விட மெல்லிசா இருக்கணும். பை மட்டும் கூட இருக்கணும்."

"ஒனக்கு என்னென்ன சாமான் வேணும்னு பாத்தியா?"

"எல்லாந்தான் வேணும்."

நூலாண்டி அவளையும் கண்ணை மூடச் சொன்னான். பூச்சுக் கரண்டியை எடு என்றான். அவளுடைய கை இடுப்புக்குப் போகவில்லை, தோளுக்குப் போனது. குனிந்தே வேலை பார்க்கிறவள் அல்லவா? மட்டப்பலகை என்றான். அதுவும் தோளுக்கே போனது.

"ஒனக்குத் தோள்ல குறுக்கே போடுற வார்தான் தோது, மாடத்தி. இடுப்புல வேண்டாம். இன்னொண்ணும் இருக்கு. என் நூல் ஈரம் பட்டா இறுகும், அப்புறம் காயக் காய இன்னும் இறுகும். ஆவுடை காஞ்ச மரத்துல வேலை பாக்கா. நீ சேத்துல நிக்கிறவ. தோள்ல போட்டேன்னா நனையாது, நனைஞ்சாலும் தலை வழியா உருவிக்கலாம். நாளைக்கு வா, தைச்சு வைக்கேன்."

மாடத்திக்கு முகம் கறுத்துவிட்டது. "அவ மகாராணி மாதிரி இடுப்புல கட்டுவா, நான் சுமைகூலி மாதிரி தோள்ல தூக்கணுமோ? நல்லா இருக்கு அண்ணாச்சி ஒங்க நியாயம்!"

நூலாண்டி பின்னாலேயே கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் உச்சி வெயில். ஆவுடை வாரைக் கழற்றிக் கிளையில் தொங்கவிட்டு, தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனாள். மாடத்தி போகவில்லை. வாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எடுத்தாள். உளியையும் சுத்தியலையும் உதறிக் கீழே போட்டாள். தன் சாமான்கள் அத்தனையையும் அந்தப் பைகளில் திணித்தாள். வார் அவளுடைய உடம்புக்கு எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை ஒடுக்கி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். எட்டியது. அவிழ்ந்துவிடக் கூடாது என்று முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டாள்.

பிறகு மண் குழைக்கிற இடத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினாள். மைனாக் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. "ஏ, இங்க பாரு, கொத்தனாரக்காவும் கட்டிருக்கா!" என்று கத்தின. மஞ்சக்கண்ணர்கூட மேலேயிருந்து ஒரு தரம் குனிந்து பார்த்தார். மாடத்திக்கு நெஞ்சு குளிர்ந்தது. பார்க்கட்டும் என்று இன்னும் குனிந்து, இன்னும் வேகமாகச் சேற்றை வாரினாள். சேறு வாரில் தெறித்தது. வழிந்தது. வார் ஊறியது.

முதலில் லேசாகப் பிடித்தது. சாப்பிடாமல் வந்ததால் வயிறு இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மூச்சு முட்டியது.

ஆவுடை திரும்பி வந்தாள். கிளையில் வார் இல்லை. கீழே தன் உளி கிடந்தது. மாடத்தியின் இடுப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"மதினி! நனைஞ்சிருச்சு! அவுத்துரு, இறுகுது பாரு!"

"அவுக்கேன், அவுக்கேன்" என்று மாடத்தி முடிச்சில் கை வைத்தாள். சேற்றில் ஊறிய முடிச்சு கல்லாகியிருந்தது.

ஆவுடை உளியை எடுத்தாள். "அசையாம நில்லு. நான் அறுத்துருதேன்."

"அறுப்பியா?" மாடத்தி பின்வாங்கினாள். "என் இடுப்புல இதைப் பாக்க ஒனக்குப் பொறுக்கலை. எல்லாரும் பாக்க அறுத்து என்னை அவமானப்படுத்தணும், அப்படித்தானே?"

"வார் போனாப் போகுது மதினி! எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ. இப்ப ஒனக்கு உசிரு நிக்கணும். நில்லு மதினி!"

இவ்வளவையும் மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையைத்தான் மாடத்தியால் தாங்க முடியவில்லை. ஆவுடையின் கையைத் தட்டிவிட்டுப் பறந்துவிட்டாள்.

பறந்து போய் ஒரு புதரில் ஒளிந்துகொண்டாள். ஈர வார் வெயிலில் காயக் காய இன்னும் இறுகியது. அவள் வலியில் புரண்டாள். புரளப் புரள உடம்பின் பாதி மேலே ஒதுங்கியது, பாதி கீழே ஒதுங்கியது. நடுவில் ஒரு நூல் தடிமன்தான் மிஞ்சியது. வார் சதைக்குள் போய், அதன் மேல் தோல் மூடிக்கொண்டது. சாமான்களெல்லாம் ஒவ்வொன்றாய் உதிர்ந்து புல்லில் விழுந்தன.

அவள் நூலாண்டியின் பாறைக்கு வந்தபோது, அவளுக்காகத் தைத்த தோள்வார் இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்ததும் அழுகைக்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது.

"அவுத்து விடுங்க அண்ணாச்சி."

நூலாண்டி தடவித் தடவிப் பார்த்தான். "முடிச்சு எங்க இருக்குன்னே தெரியலையே, தாயி. உள்ள போயிருச்சு. என்னால ஆகாது."

"ஆவுடைன்னா அவுத்திருப்பீரு!"

"யாருன்னாலும் இதுதான். நான் போட்ட முடிச்சுன்னா எனக்கு வழி தெரியும். இது நீ போட்டது."

மாடத்தி நம்பவில்லை. தெரிந்துகொண்டே சொல்ல மறுக்கிறான், ஆவுடைக்கு வேண்டியவன்தானே என்றுதான் நினைத்தாள். நூலாண்டியைக் கொட்டினாள். அவன் கை கால் விழுந்து கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு மண் அறை ஒன்றுக்குள் போட்டாள். "அவுக்கிற வழி ஞாபகம் வர்ற வரைக்கும் உள்ளேயே கெடங்க" என்று சொல்லி வாசலை மண் வைத்து அடைத்தாள். எறும்பின் கால் வழுக்கச் சுவர் வைத்த அதே கையால், ஒரு கீறல் தெரியாமல் பூசினாள்.

ஆவுடை தேடி வந்து அந்த வீட்டுச் சுவருக்கு வெளியே நின்று "மதினி, மதினி" என்று நெடுநேரம் கூப்பிட்டாள். கடைசியில் திரும்பிப் போய் ஒரு காய்ந்த மூங்கிலைத் துளைத்து அதற்குள் தனியாகக் குடியேறினாள். இலுப்பை மரத்து வீட்டில் ஒரு சுவர் பூசாமலே நின்றது. அந்த வழியாகத்தான் அந்த வருஷ மழை உள்ளே வந்தது.

நூலாண்டிக்கு எந்த வழியும் ஞாபகம் வரவில்லை. மாடத்தி இன்னொரு சிலந்தியைப் பிடித்து வந்தாள். பிறகு இன்னொன்றை.

அன்றைக்குச் சிறுத்த இடுப்புதான், இன்று வரைக்கும் குளவிக்கு நூலாக இருக்கிறது, நடுவில் மஞ்சள் தெரிய. நம் வீட்டுச் சுவர் மூலையில் மண் அறை கட்டுகிற குளவி, கண்ணில் படுகிற சிலந்தியையெல்லாம் கொட்டித் தூக்கி வந்து உள்ளே போட்டுப் பூசுவதும் அன்று தொடங்கியதுதான்.