வானத்து விருந்தாளிக்கு மூன்று குடம் தண்ணீர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நிலாவின் முகத்தில் இன்றைக்கு இருப்பதைவிட இரண்டு குழிகள் குறைவாக இருந்த நாளில், கடலோரமாக உவர்க்காடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே கிணறு தோண்டினாலும் உப்பு, குளம் வெட்டினாலும் உப்பு. ஆனால் அந்த ஊர் உபசரிப்பை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தூரத்திலிருந்து யார் வந்தாலும் முதலில் காலில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றுவார்கள், பிறகுதான் பேச்சே. வந்தவருக்குச் சளி பிடித்திருந்தாலும் விடமாட்டார்கள்!

ஒருநாள் பட்டப்பகலில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. ஊருக்கு வெளியே பெரிய சட்டி போல வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து, அதன் நடுவில் ஒரு மாட்டளவு பெரிதாக, கருப்பாக அது கிடந்தது. துண்டு துணுக்குகள் கரையெல்லாம் சிதறின.

"இவ்வளவு தூரத்திலிருந்து நம் ஊருக்கு யாருமே வந்ததில்லை" என்று உருகிப்போனார் ராஜா பெருநம்பி. அவரே குடம் எடுத்தார். காலையில் மூன்று குடம், மதியம் மூன்று குடம், மாலையில் மூன்று குடம், கடல் தண்ணீர்.

பத்தாம் நாள் கல்லிலிருந்து சிவப்பாக ஒழுகியது. ஊரே வெலவெலத்துப் போனது. அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் மாகோடன் என்ற மந்திரவாதி.

"இது ரத்தம். கல் கோபமாக இருக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஓர் ஆள் கொடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு கல் ஊர் நடுவிலேயே விழும். தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்றான்.

சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு ராஜாவின் ஒரே மகன் இளநாகனுக்கு விழுந்தது. மாகோடன் அந்தச் சிவப்பு நீரைச் சுரைக்குடுக்கையில் பிடித்து, பையனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான். பையன் நின்றபடியே கல்லானான்.

"மூன்று பௌர்ணமிக்குள் கல்லின் கோபம் தணிந்தால் இவன் எழுவான். தாண்டிவிட்டால் நானே நினைத்தாலும் முடியாது" என்றான் மாகோடன். மூன்றும் தாண்டின. மேலும் மூன்றும் தாண்டின. பள்ளத்தின் கரையில் கல்லாக நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். ஊரில் யாரும் உரக்கச் சிரிப்பதில்லை.

ஏழாவது சீட்டு பூவாத்தாவுக்கு விழுந்தது.

பூவாத்தாவின் அக்கா இருளாயி, "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா" என்று தெருத்தெருவாகக் கூவிப் போகிறவள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்தத் தங்கச்சி ஒருத்திதான். இரண்டு பௌர்ணமி அழுதே போயின. எட்டாவது ஆளும் ஒன்பதாவது ஆளும் பூவாத்தாவுக்குப் பக்கத்தில் கல்லாக வந்து நின்றார்கள். அவளுடைய மூன்றாவது பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பதே நாள்.

அன்றைக்கு இருளாயி அழவில்லை. தங்கச்சியின் கல் காலடியில் கிடந்த ஒரு துணுக்கை எடுத்து உளியால் தட்டினாள். கல் தட்டியே வளர்ந்த காது அவளுக்கு.

"இது கல்லு சத்தம் இல்லையே. இரும்பு சத்தமுல்ல!"

தெறித்த உளிமுனையைப் பொறுக்க அவள் இடுப்பில் காந்தக்கல் வைத்திருந்தாள். பக்கத்தில் கொண்டுபோனாள். துணுக்கு ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.

மூன்றாவதாக, துணுக்கைத் தேய்த்து ஒரு பக்கம் பளபளப்பாக்கி, எலுமிச்சைச் சாற்றில் மூன்று நாள் போட்டுவைத்தாள். எடுத்துப் பார்த்தால், பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்! எந்தக் கொல்லனும் அடிக்க முடியாத கோடுகள். அவள் விரலால் தடவியதும் அந்தத் துணுக்கு பேசியது.

"ஒரு கோடு விழ, பல லட்சம் வருஷம் நான் மெல்ல மெல்ல ஆறினேன், தாயி. இங்கே ஒரே வருஷத்தில் கரைகிறேன்."

இருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க மேல உனக்கு என்ன கோபம்? ஏன் வந்து விழுந்தே?"

"கோபமா? நான் விழுந்தேன், அவ்வளவுதான். நடுவில் பிடிக்க யாரும் இல்லை. நிலாவைப் பார், முகமெல்லாம் குழி. என் உறவுக்காரர்கள் விழுந்த தடம் அது. அங்கே குளிப்பாட்ட ஆள் இல்லை, அதனால் போட்டது போட்டபடி இருக்கிறது. நான் இருந்த இடத்தில் தண்ணீரே கிடையாது. எனக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை."

இருளாயி ராஜாவிடம் ஓடினாள். "மகாராஜா, அது ரத்தம் இல்லீங்க, துரு. தண்ணி ஊத்துறத நிறுத்துங்க. அந்தச் செவப்பு நின்னாத்தான் என் தங்கச்சி எந்திரிப்பா."

"விருந்தாளிக்குத் தண்ணீர் மறுப்பதா? நம் வழக்கம் என்னம்மா ஆவது?" என்றார் ராஜா.

அவள் வாதாடவில்லை. ஒரே உலையில் அடித்த இரண்டு உளிகளை அவர் முன்னால் வைத்தாள். ஒன்றுக்கு நல்லெண்ணெய் தடவி மூடினாள். இன்னொன்றுக்குக் காலையில் மூன்று குடம், மதியம் மூன்று குடம், மாலையில் மூன்று குடம், கடல் தண்ணீர். மூன்றாம் நாள் ராஜாவே வந்து பார்த்தார். எண்ணெய் உளி மின்னியது. மற்றதிலிருந்து சிவப்பாக ஒழுகியது.

ராஜா அந்த உளியைத் தொட்டார்; விரல் சிவந்தது. "என் கையாலேயே ஊற்றினேன். முதல் குடம் நான்தான் ஊற்றினேன்" என்றார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், அவரை எனக்குத் திட்ட மனம் வரவில்லை. இனி தண்ணீரை நிறுத்தினாலும் தன் மகன் வரமாட்டான் என்று தெரிந்தேதான் அவர் எழுந்தார். அரண்மனையில் இருந்த எண்ணெய்ச் சாடியெல்லாம் பள்ளத்துக்குப் போயிற்று.

ஒன்பதாம் நாள் மாலைக்குள் கல்லைச் சுரண்டி, துடைத்து, வெயிலில் காயவைத்து, ராஜாவும் இருளாயியும் முழங்கை வரை எண்ணெயாக நின்றார்கள். மாகோடன் ஓடி வந்தான்.

"அடி, உன் நெற்றியைக் காட்டு!"

குடுக்கையைக் கவிழ்த்தான். சிவப்புத்தூள்தான் கொட்டியது. புதிதாகப் பிடிக்க ஒரு சொட்டும் இல்லை. கிழடு தட்டாமல் இருக்கத் தினமும் அதையே தன் உடம்பில் பூசிக்கொண்டிருந்தவன் அவன். அது நிற்காமல் ஒழுகத்தான் ஊரைப் பயமுறுத்தி வைத்திருந்தான். பூச்சு காய்ந்ததும், பழைய இரும்புச்சட்டி போல ஏடு ஏடாக உதிர்ந்து மண்ணோடு போனான்.

நிலா எழும்பியது. பூவாத்தா தும்மினாள்.

"அக்கா, கால் மரத்துப் போச்சு" என்றாள். இருளாயி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். எட்டாவது ஆளும் ஒன்பதாவது ஆளும் அசைந்தார்கள். மற்ற ஆறு பேர் அசையவில்லை. ராஜா மகனின் கல்கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார். நிலா உச்சிக்கு வந்து இறங்கியும் காத்திருந்தார்.

இருளாயியை ராஜ்யத்தின் முதல் கல்லறிஞர் ஆக்கினார் ராஜா. பள்ளத்தின் கரையில் வீடு கட்டிக் கொடுத்தார். வானத்திலிருந்து எது விழுந்தாலும் அவள் பார்த்து, தட்டி, கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும் என்று சட்டமானது. அக்காவும் தங்கையும் குறையில்லாமல் வாழ்ந்தார்கள்.

இன்றைக்கும் நீங்கள் உவர்க்காட்டுக்குப் போனால் வாசலில் குடத்தோடுதான் நிற்பார்கள். ஆனால் ஊற்றமாட்டார்கள். முதலில், "உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது?" என்று கேட்பார்கள். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். அந்தக் கேள்வியை ஊரில் முதன்முதலாகக் கேட்கத் தொடங்கியவர், மகனை இழந்த அந்த ராஜாதான்.