சடைச்சி மூன்று வருஷம் பயந்த கதை

சடைச்சி என்ற முள்ளம்பன்றி மூன்று வருஷமாக யானைகளுக்குப் பயந்து மொட்டைப் பாறைப் பக்கம் குடியிருந்தாள். அங்கே நல்ல கிழங்கு கிடையாது, நிழல் கிடையாது. வெயில் மட்டும் வஞ்சகமில்லாமல் கிடைக்கும். பாறைக்குழியில் தேங்குகிற மழைத்தண்ணீரைக் குடித்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் அவள் வளை காட்டாற்றின் கரையில்தான் இருந்தது. ஒரு மழைநாள் சாயங்காலம், கருப்பாயி என்கிற பெண்யானை தன் கூட்டத்தை நடத்திக்கொண்டு அந்த வழியாக வந்தாள். கரைமண் ஊறிப்போய்க் கிடந்தது. கருப்பாயியின் முன்னங்கால் வளையின் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சடைச்சி பதறிப்போய் முதுகைச் சிலிர்த்தாள். மூன்று முட்கள் யானையின் உள்ளங்காலில் ஏறிவிட்டன. கருப்பாயி பிளிறிய பிளிறலில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கலைந்து பறந்தன. சடைச்சி பின்வாசல் வழியாக எடுத்த ஓட்டம், மொட்டைப் பாறைக்கு வந்துதான் நின்றது.

யானைக்கு மறதி கிடையாது என்று காட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒருதரம் மனசில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் விடாது, தேடி வந்து பழி வாங்கும் என்பார்கள். பழி வாங்கிய யானையைக் கண்ணால் பார்த்தது யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் பதில் தெரியாது.

இந்தப் பேச்சை வளர்ப்பதற்கென்றே கிழட்டு மந்தி ஒன்று இருந்தது. காட்டில் எங்கே என்ன நடந்தாலும் அதற்கு முதலில் தெரிந்துவிடும். பாதி தெரியும், மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். அது பத்து நாளைக்கு ஒருதரம் மொட்டைப் பாறைக்கு வந்து, சடைச்சியின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போகும். கருப்பாயி ஒரு மாசம் நொண்டினாள் என்றது. இன்னொருநாள் வந்து, அவள் அந்தக் கரைப்பக்கம் போகும்போதெல்லாம் இடிந்துபோன வளையின் மேல் நின்று, தும்பிக்கையை மண்ணில் வைத்து மோப்பம் பிடிக்கிறாள் என்றது.

"உன்னைத்தான் தேடறா. வாசம் கிடைச்சுதோ, நீ தொலைஞ்சே" என்று முடித்துவிட்டு, மந்தி நிம்மதியாக உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்துவிடும். தூக்கம் போனது சடைச்சிக்குத்தான்.

அந்த வருஷம் கோடைமழை ஏமாற்றிவிட்டது. பாறைக்குழி வற்றி, அடியில் பாசிகூடக் காய்ந்து உரிந்தது. தனியாளாக இருந்தால் சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாள். ஆனால் அவளுக்கு இப்போது ஒரு குட்டி இருந்தது. பனிக்காலத்தில் பிறந்த பெண்குட்டி. இரண்டு நாளாக அது விளையாடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டால் தலையைக்கூடத் தூக்கவில்லை. சடைச்சிக்கு மடியில் பாலும் வற்றிவிட்டது.

காட்டில் தண்ணீர் இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். கோடையில் ஆறு வற்றியதும் யானைகள் மணலைக் காலால் பறித்து, தும்பிக்கையால் அள்ளி எறிந்து ஊற்றுத் தோண்டும். முதலில் யானைகள் குடிக்கும், அவை விலகியதும் மற்றவர்கள் குடிப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். இந்தத் தடவை வெயிலின் கொடுமையில் கருப்பாயியின் கூட்டம் ஊற்றைவிட்டு அந்தண்டை இந்தண்டை நகரவே இல்லை.

போனால் யானை மிதித்துவிடும், போகாவிட்டால் குட்டி செத்துவிடும். சடைச்சி வாய்விட்டு அழுதாள். அப்போது அங்கே வந்த மந்திக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அது யோசித்து ஒரு வழி சொன்னது. யானைக்கு உலகத்திலேயே எலியைக் கண்டால்தான் பயமாம். தும்பிக்கைக்குள் புகுந்துவிடும் என்று நடுங்குமாம். அதனால் ஓர் எலியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கருப்பாயி தானாக வழிவிடுவாளாம்.

சூரன் என்ற எலி அதற்கு உடனே ஒத்துக்கொண்டான். அவன் பாட்டனார் ஒரு மூச்சில் ஒன்பது யானைகளை விரட்டினவர் என்று சொல்லி, இரண்டு கிழங்கை முன்கூட்டியே வாங்கித் தின்றான். தான் அதுவரை ஒரு யானையைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். சூரன் வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். சடைச்சி குட்டியை முகத்தால் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு பின்னால் போனாள். மந்தி மட்டும், பாதுகாப்பாக மரத்துக்கு மரம் தாவி வந்தது.

ஆற்றுமணலில் ஆறு யானைகள் நின்றன. ஊற்றின் ஓரத்தில் கருப்பாயி. சூரன் நெஞ்சை நிமிர்த்தி, "விலகு! சூரன் வர்றேன்!" என்று கீச்சிட்டான்.

தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள் கருப்பாயி. பிறகு மெல்ல இரண்டடி பின்னால் வைத்தாள். அவளைப் பார்த்து மற்ற யானைகளும் பின்வாங்கின. மரத்தின் மேல் மந்தி கைதட்டியது. சூரனுக்கே அது பெரிய ஆச்சரியம். திரும்பி சடைச்சியைப் பார்த்து இளித்தான்.

அப்போது கருப்பாயியின் தும்பிக்கை மணலைத் தடவிக்கொண்டே அவனைப் பார்த்து வந்தது. அவ்வளவுதான். சூரன் ஒரே பாய்ச்சலில் சடைச்சியின் வயிற்றுக்கடியில் புகுந்தான். புகுந்த அவசரத்தில் முள் குத்தி முனகினான்.

கருப்பாயி பொறுமையாகச் சொன்னாள். "கால்கிட்ட நிக்கிற சின்ன உசுரு எதுவும் எனக்குக் கண்ணுக்குத் தெரியாது. மிதிச்சிடுவேனோன்னுதான் பின்னால போனேன். அந்த எலியைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

சடைச்சி சூரனை முகத்தால் ஓரமாகத் தள்ளினாள். எலியை நம்பி வந்த லட்சணம் இதுதானா? தும்பிக்கை இப்போது அவளிடம் வந்தது. முகத்தை மோந்தது, முதுகின் பக்கம் போனதும் சட்டென்று நின்றது. வாசம் பிடித்துவிட்டாள். கருப்பாயியின் காதுகள் ஆடுவதை நிறுத்தின.

சடைச்சியின் முதுகு தானாகவே சிலிர்த்தது. ஆனால் இப்போதும் குத்திவிட்டால் குட்டிக்குத் தண்ணீர் ஏது? ஒவ்வொரு முள்ளாகப் படிய வைத்து, குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு, அவள் தலையைத் தாழ்த்தினாள்.

"குத்தினது நான்தான் அக்கா. என்னை என்ன வேணும்னாலும் செய்ங்க. பிள்ளைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணி கொடுங்க."

கருப்பாயி தும்பிக்கையை நீட்டி, பின்னால் நின்ற குட்டியை மெல்ல மோந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு வளைக்குள்ள குட்டி இருந்துச்சா?"

சடைச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லக்கா. நான் மட்டும்தான் இருந்தேன். இவ போன பனிக்காலத்துல பிறந்தவ" என்றாள்.

கருப்பாயி ஒரு பெருமூச்சு விட்டாள். மணல் பறந்து எல்லோர் கண்ணிலும் விழுந்தது.

"முள்ளு குத்தி நான் கத்தின பிறகுதான் காலுக்குக் கீழே ஒரு வீடு இருந்ததே எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குள்ள மழை மண்ணைச் சரிச்சு மூடிடுச்சு. தோண்டலாம்னா, என் கால் பட்டு மிச்சமும் இடிஞ்சிடுமோன்னு பயம். நான் குட்டி பெத்தவ. உள்ளே ஒண்ணு ரெண்டு செத்துக் கிடக்குமோன்னு மூணு வருஷமா மனசு அடிச்சுக்குது. அந்தப் பக்கம் போறப்பல்லாம் மோந்து மோந்து பார்க்கிறேன்."

"அப்போ முள்ளு?" என்றாள் சடைச்சி.

"ஒரு மாசம் வலிச்சுது, ஆறிடுச்சு. அதைப் போய் யாரு நினைச்சிட்டிருப்பா?"

சடைச்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று வருஷம்! பாறையில் வெந்து, பாசித்தண்ணீர் குடித்து, தூக்கமில்லாமல் கழித்த மூன்று வருஷமும் அவள் கண்முன் வந்து நின்றது. மந்தியைத் தேடி அண்ணாந்து பார்த்தாள். அது எப்போதோ நழுவிவிட்டது.

ஊற்று ஆழமாக இருந்தது. குட்டியால் இறங்க முடியவில்லை. கருப்பாயி ஈரமணலில் ஒரு காலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழுந்தது. தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி அதில் விட்டாள். குட்டி மூக்குவரை முங்கிக் குடித்தது, புரையேறித் தும்மியது, மறுபடி குடித்தது. வயிறு உப்பிய பிறகு தாயின் முன்காலைக் கடித்து விளையாட வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சடைச்சி தன் தாகத்துக்கு வாய் வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் நெஞ்சு லேசாக இருந்தது. சூரனும் ஓரமாக நின்று, யார் கண்ணையும் பார்க்காமல் குடித்தான்.

மறுநாளே சடைச்சி ஆற்றங்கரையில் புது வளை தோண்டினாள். கருப்பாயி தன் கூட்டத்தை அழைத்துவந்து அந்த இடத்தைக் காட்டி, இந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். யானைக்கு மறதி கிடையாது என்று காட்டில் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒருவர் மனசில் நம்மைப்பற்றி என்ன இருக்கிறது என்று மூன்றாம் ஆளிடம் கேட்டுப் பயந்து சாவதைவிட, அவரிடமே நேரில் போய் நின்றுவிடுவதுதான் நல்லது.