கால் துடைக்கக் கொண்டுவந்த துணி

வங்கக் கடலில் சங்கு ஆறு கலக்கும் முகத்துவாரத்தருகே பத்மபில் என்றோர் ஊர். புத்தரை வணங்கும் வங்காளிகளான பருவா குடியினர் வாழும் ஊர் அது. அங்கே கருவாட்டுக் களத்தில் மீன் அலசி மூங்கில் பரணில் காயப்போடுவது சாருபாலா அம்மையாரின் தொழில். களத்துக்குப் போகுமுன், விடியலிலேயே அவர் விகாரைக்கு வந்துவிடுவார். பந்தே என்று ஊர் அழைக்கும் பிக்குகள் பிச்சையேற்றுத் திரும்பும்போது கால் கழுவும் படிகளைத் தேய்த்துக் கழுவுவார். குடம் நிறையத் தண்ணீர் வைப்பார். பிறகு வாசலுக்கு வெளியே நின்றபடியே புத்தர் சிலையை நோக்கி வணங்கி, ஐந்து சீலங்களையும் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்வார். மீன் அலசும் கையோடு உள்ளே போனதில்லை.

அவர் கணவர் மீன்பிடிப் படகோடு புயலில் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை. கடல் உயிர்களைப் பிடித்த பாவம் கடலிலேயே தீர்ந்தது என்று ஊரில் சிலர் அவர் காதுபடவே பேசினார்கள். விகாரையின் மாதர் குழுவை நடத்திவந்த பீணாபாணி அவரைத் திதி, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பார். ஒருநாள் நேராகவே கேட்டார்.

"ஏன் திதி, உயிரக் கொல்ல மாட்டேன்னு தினமும் சீலம் எடுக்குறீங்க. அப்புறம் நேரா மீன் களத்துக்குப் போறீங்க. இது என்ன கணக்கு?"

"நான் கொல்லலம்மா, செத்தத காயவைக்கிறேன்," என்றார் சாருபாலா. "ஆனாலும் நீ சொல்றது எனக்கும் உறுத்துது. அதனாலதான் தினமும் வந்து எடுத்துக்கிறேன்."

மழைக்காலம் மூன்று மாதமும் பிக்குகள் ஊர் ஊராகப் போகாமல் ஒரே விகாரையில் தங்கி நோன்பிருப்பார்கள். அது முடியும் பௌர்ணமியில் பிரபாரணை விழா. அன்று மாலை காகித விளக்குகள் வானமெங்கும் மிதக்கும். அடுத்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒருநாள் கடின சீவர தானம் நடக்கும்; சுருக்கமாகக் கடினம் என்பார்கள். நோன்பிருந்த பிக்குகளின் சங்கத்துக்கு ஊர்மக்கள் சீவரம் எனும் துவராடை அளிக்கும் நாள் அது. ஒரு விகாரைக்கு ஆண்டில் ஒரே முறைதான் அந்தத் தானம். அதனினும் பெரிய புண்ணியம் இல்லை என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

சாருபாலா அவ்வளவு பெரிய ஆசை வைக்கவில்லை. வயதான பிக்குகள் வெடித்த பாதங்களைச் சாக்குத் துண்டில் துடைப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. குடிசைக்குப் பின்னால் நின்ற பருத்திச் செடிகளில் பஞ்செடுத்து, அந்த மழைக்காலம் முழுவதும் நூல் நூற்றார். இடுப்பில் கட்டி நெய்யும் சிறு தறியில் நெய்து, இரண்டு பாதியாகச் சேர்த்துத் தைத்த வெள்ளைத் துணியொன்றை முடித்தார்.

அவ்வாண்டு கடின தானத்தைத் துறைமுக வணிகர் ரேபதிமோகன் தாமே ஏற்றிருந்தார். சீவரம் அவருடையது, வேறு யாரும் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். அந்த ஒரு மாதத்தின் கடைசி நாளான கார்த்திகைப் பௌர்ணமியன்று, மேகம் மூடிய காலையில், சாருபாலா துணியோடு படிக்கட்டுக்கு வந்தார். அங்கே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது.

"இன்னிக்கு வேண்டாம் திதி, பெரியவங்கல்லாம் வர்றாங்க," என்று பீணாபாணி, அவர் விரிக்கப் போன துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மையார் முகம் சுளிக்கவில்லை. நாளைக்குப் போட்டால் போயிற்று என்று, பந்தலின் கடைசி வரிசையில் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பட்டுப்போல் மின்னிய சீவரத்தைத் தலைமேல் தாங்கி ரேபதிமோகன் மேடையேறினார். மகிழ்ச்சி மிகுதியில் பேசவும் செய்தார். "இந்தப் பாக்கியம் எனக்கு எப்படிக் கெடச்சதுன்னு சொல்றேன். நம்ம இளைய பந்தேதான் வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் நீங்க பண்ணா நல்லாயிருக்கும்னு சொன்னாரு."

விகாரைத் தலைவர் பிரியதிஸ்ஸ மகாதேரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த இளம் பிக்குவைப் பார்த்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன், பந்தே." இளம் பிக்குவின் முகம் வெளுத்துவிட்டது.

"பிக்கு வாய்விட்டுக் கேட்டதோ, குறிப்புக் காட்டினதோ கடினம் ஆகாது. பாபு, உங்க மேல குத்தமில்ல. ஆனா இத சங்கம் ஏத்துக்க முடியாது," என்றார் மகாதேரர் வணிகரிடம்.

பந்தலில் ஆயிரம் பேர் பார்த்திருக்க, ரேபதிமோகன் தூக்கிய கைகளை இறக்கவும் மறந்து நின்றார். வேறு துணி வாங்கலாம் என்றால், ஆற்றுக்கு அக்கரையில்தான் துணிக்கடை. அப்போது ஆற்றில் நீர் இறங்கும் வற்றம்; படகு போகாது. ஒருவர் எழுந்து, "அப்போ என்ன செய்யணும், பந்தே?" என்று கேட்டார். மகாதேரர் பதில் சொல்லவில்லை. அவர் இன்னது வேண்டும் என்று சொன்னாலே அதுவும் கேட்டதாகிவிடும். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

சாருபாலா தம் மடியைக் குனிந்து பார்த்தார். ஊருக்கு இந்த ஆண்டு கடினம் இல்லையா? மடியிலிருந்த துணி நெருப்பாகச் சுட்டது. கால் துடைக்க நெய்ததைச் சங்கத்துக்கு நீட்டுவதா? நீட்டாமல் ஒளித்து வைப்பதா? எப்போது எழுந்தார், எப்படி அத்தனை பேரைக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. மேடையின் முன் மண்டியிட்டபோதுதான் தாம் செய்ததை உணர்ந்து திகைத்தார்.

"பந்தே, யாரும் எங்கிட்ட கேக்கல. இது காலு தொடைக்கக் கொண்டாந்த துணி. மீன் அலசுற கையால நெஞ்சது. பொய் சொல்லிக் குடுக்க மாட்டேன். ஆவும்னா எடுத்துக்குங்க."

மகாதேரர் கண் திறந்தார். அவர் இரு கைகளையும் நீட்டித் துணியை வாங்கியதைக் கண்டு, முன்வரிசையே எழுந்து நின்றுவிட்டது.

"சங்கத்துக்கா குடுக்குறீங்க, அம்மா?"

"சங்கத்துக்குத்தான்."

"அப்படின்னா இதுதான் கடினம்."

நன்று எனப் பொருள்படும் சாது, சாது, சாது என்ற முழக்கம் எழுந்தது. சாருபாலாவின் காதில் அது விழவில்லை. அவர் ரேபதிமோகனை நோக்கித் திரும்பி, "பாபு, உங்க எடத்த நான் புடுங்கல," என்று அழுதார்.  வணிகர் தம் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, சாயம் காய்ச்சும் அடுப்புக்கு விறகு பிளக்கப் போனார்.

பிக்குகள் எல்லோரும் வட்டமாக அமர்ந்து துணியை வெட்டித் தைத்தார்கள். சீவரங்களில் சிறியதான இடையாடைக்கு அது சரியாக இருந்தது. பலாக்கட்டைச் சாயத்தில் தோய்த்துக் கொடியில் போட்டபோது வானம் இன்னும் இருண்டுதான் கிடந்தது. அன்றைக்குள் ஈரம் உலர்ந்தாலொழிய சடங்கு நிறைவேறாது. பீணாபாணி சாருபாலாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து கொடியருகே நிறுத்தினார். "நீங்க கும்பிடுங்க திதி," என்றார். அம்மையார் கைகூப்பினார்.

மேகம் ஒரே இடத்தில் விலகியது. ஊரின் மற்ற பகுதியெல்லாம் நிழலில் கிடக்க, விகாரை முற்றத்தில் மட்டும் வெயில் அடித்தது. துணி உலரும்வரை அது நகரவில்லை. வானவர் வந்து நின்ற ஒளி அது என்று பத்மபில் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். மகாதேரர் அந்த ஆடையை எடுத்து, ஏற்கும் வாசகத்தைச் சொல்லி முடித்தார்.

தம்மிடம் இருந்ததை இன்னதென்று மறைக்காமல் கொடுத்த சாருபாலா அம்மையாரின் திருப்பெயர் நம் நெஞ்சில் நிலைத்திருக்கட்டும்.